தொட்டிக்குள் பன்னிரண்டு பேர்

பெர்மூதோ பிரபு பதினோரு கோட்டைகளைப் பிடித்தவர். ஒன்றைக்கூட யாரிடமும் திருப்பிக் கொடுத்ததில்லை.

காஸ்டில் நாட்டின் எல்லையில், துவேரோ ஆற்றுக்குத் தெற்கே, பெனியால்பா என்ற கோட்டையை அரசர் அவர் பொறுப்பில் விட்டிருந்தார். பத்தொன்பது வருடம் அங்கே இருந்தார். மூன்றாவது மதிலைக் கட்டியது அவர். பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி வெட்டியதும் அவர்.

இலைகள் உதிரும் காலத்தில் அரசரின் கடிதம் வந்தது. பத்து நாளில் கோட்டையை ஓர்தோன்யோ பிரபுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஓர்தோன்யோ முன்பு ஒரு போரில் படையின் இடது பக்கத்தைக் காக்க வேண்டியவர். நடுவிலேயே குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த இடது பக்கத்தில் நின்றுதான் பெர்மூதோவின் தம்பி செத்தான்.

கடிதம் வந்த மறுநாள் காலை பெர்மூதோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கன்னியர் மடத்துக்குப் போனார். மடத்தின் தலைவி அன்னை மென்சியா, அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை பெர்மூதோ வாளைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் முன் மண்டியிட்டு ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்த வருடங்கள் உண்டு. கிடைக்காத வருடங்களும் உண்டு.

கூடவே முன்யோ வந்தான். முப்பது வருடமாக அவர் பக்கத்தில் நின்று சண்டை போட்ட வீரன்.

அன்னை தோட்டத்தில் முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருடத்துக் கேள்வியை முன்பே கேட்டுவிட்டீர்களே,” என்றார்.

“அடுத்த வருடத்துக் கேள்வியை இப்போது கேட்கிறேன், தாயே.”

“அவ்வளவு அவசரமா? கேளுங்கள்.”

“கோட்டை கைமாறும் முறை உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குக் கோட்டை ஏது? சொல்லுங்கள்.”

“பழையவன் புதியவன் கையில் நேராகக் கொடுப்பதில்லை. நடுவில் அரசரின் வாயிலாளர் வருவார். உள்ளே இருக்கும் எல்லோரையும் நான் வெளியே கூட்டிவர வேண்டும். வாயிலாளர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அந்தக் கொஞ்ச நேரம் கோட்டை அரசருக்கு மட்டுமே சொந்தம். பிறகு அவரே உள்ளிருந்து திறந்து புதியவனைக் கூப்பிடுவார்.”

“நல்ல முறைதான்.”

“என் மழைநீர்த் தொட்டி இப்போது காய்ந்து கிடக்கிறது. அதில் பன்னிரண்டு பேர் உட்காரலாம்.”

அன்னையின் மண்வெட்டி நின்றது.

“எல்லோரையும் வெளியே கொண்டுவருவேன் என்று அரசருக்குச் சத்தியம் செய்தவன் நான். நான் வெளியே வந்துவிடுவேன். கதவைச் சாத்தியதும் அவர்கள் மேலே ஏறி வருவார்கள். வாயிலாளர் மேல் ஒரு கீறல் விழாது. மரியாதையாகக் கயிற்றில் இறக்கி விடுவார்கள். ஓர்தோன்யோவுக்குக் கதவு திறக்காது, அவ்வளவுதான்.”

“யோசனை யாருடையது?”

“என்னுடையது, தாயே,” என்றான் முன்யோ. மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

“அப்படித்தான் நினைத்தேன்.”

“கேள்வி இதுதான்,” என்றார் பெர்மூதோ. “இதனால் என் சத்தியம் உடையுமா?”

அன்னை கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“கோட்டைக்குள் எத்தனை பேர்?”

“குழந்தை குட்டிகளோடு முந்நூறு பேர்.”

“வெளியே வந்த முந்நூறு பேரும் மறுபடி எப்போது உள்ளே போவார்கள்?”

“ஓர்தோன்யோவின் படை நடுவில் நிற்கும். அவன் சலித்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குளிர்காலம் ஆகலாம்.”

“பனியிலா?”

“பொறுப்பார்கள். என் ஆட்கள்.”

அன்னை இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். பிறகு உள்முற்றத்தைப் பார்த்துக் கைதட்டினார்.

“சகோதரிகளே, எல்லோரும் வெளியே வாருங்கள். சாயங்காலம் வரை மடம் பெர்மூதோ பிரபுவின் பொறுப்பு.”

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சமையல் பார்க்கும் சகோதரி ஓரியா மட்டும் கரண்டியோடு நின்றார்.

“பருப்பு அடுப்பில் இருக்கிறதே, தாயே.”

“அதையும் அவர் பார்த்துக்கொள்வார்.”

ஓரியா பெர்மூதோவை மேலும் கீழும் பார்த்தார். “ஊர்களை எரித்தது போதும், பிரபு. பருப்பை விட்டுவிடுங்கள்,” என்று கரண்டியை நீட்டினார்.

“நான் யாரிடமிருந்து காக்க வேண்டும், தாயே?”

“தளபதி நீங்கள். என்னைக் கேட்கிறீர்களே.”

“முன்யோவாவது இருக்கட்டும்.”

“வேண்டாம். மாட்டை ஓட்டிவர ஆள் வேண்டும்.”

மாடும் முன்யோவும் சகோதரிகளும் வெளியே போனார்கள். பெர்மூதோ கதவைச் சாத்திப் பூட்டினார்.

பழக்கம் விடுமா? முதலில் சுவரைச் சுற்றி வந்தார். வடக்குப் பக்கம் தாழ்வாக இருந்தது. அங்கே கிடந்த ஏணியை எடுத்து உள்ளே போட்டார். கதவுக்குப் பின்னால் கனமான பெஞ்சு ஒன்றை இழுத்து வைத்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக எந்த இடமும் அவர் கைக்கு வந்ததில்லை.

நண்பகலில் மணி அடிக்க வேண்டும் என்று நினைவு வந்தது. கயிற்றைப் பிடித்து அடித்தார். காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கோவிலுக்குள் ஒரு குருவி மட்டும் பறந்தது.

கொஞ்ச நேரத்தில் பாட்டு கேட்டது. சுவருக்கு வெளியே, வயல் பக்கமிருந்து. இருபத்திரண்டு குரல்களும் அவர் அடித்த மணிக்கு ஒன்றாக எழுந்தன. நடுவில் சுருதி சேராத ஒரு தடித்த குரல். அது முன்யோ.

கதவு தட்டப்பட்டது.

“யார் அங்கே!”

“ஐயோ, நான்தான். ஆடு மேய்க்கிறவர் வீட்டுக்காரி. எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. மருந்து வேணும்.”

பெர்மூதோ மருந்தறைக்கு ஓடினார். பலகைகளில் நாற்பது ஜாடிகள். எதிலும் எழுத்து இல்லை. கழுத்தில் நூல் கட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். ஒன்றைத் திறந்து மோந்தார். இன்னொன்றைத் திறந்தார். திரும்பி வந்து கதவின் சின்னச் சன்னலைத் திறந்தார்.

“மருந்தெல்லாம் இருக்கிறது அம்மா. எது என்று எனக்குத் தெரியவில்லை.”

“தெரிஞ்சவங்க எங்கே?”

“வெளியே. வயலில்.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள்.

“அப்ப நீங்க உள்ளே என்ன பண்றீங்க?”

பதிலுக்கு நிற்காமல் வயல் பக்கம் ஓடினாள். சற்று நேரத்தில் மருந்து பார்க்கும் சகோதரி வந்து, பச்சை நூல் கட்டிய ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பெர்மூதோ சன்னல் வழியாகவே கொடுத்தார். பெஞ்சை நகர்த்தத் தோன்றவில்லை. பிள்ளை இருமுவதும், பிறகு அழுவதும், பிறகு அழுகை ஓய்வதும் தூரத்தில் கேட்டன.

அப்போதுதான் கருகல் வாசனை வந்தது.

வெயில் சாய்ந்ததும் பெஞ்சை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். அன்னை மென்சியா வாசலில் நின்றார்.

“உள்ளே யாராவது இருக்கிறார்களா?”

“நான் இருக்கிறேன்.”

“வேறு யாரும்?”

“இல்லை.”

அன்னை சாவியை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கருகின பருப்பைச் சாப்பிட்டார்கள், பெர்மூதோவும் சாப்பிட்டார். கேள்விக்குப் பதில் வரவில்லை.

திரும்பும் வழியில் முன்யோ கேட்டான்.

“தொட்டியில் வைக்கோல் பரப்பட்டுமா, பிரபு? வெறும் பாறை, பையன்களுக்குக் குளிரும்.”

பெர்மூதோ மடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“பரப்பு,” என்றார்.

ஒன்பதாம் நாள் அரசரின் வாயிலாளர் வந்தார். சூவெரோ என்று பெயர். மெலிந்த கிழவர், கையில் கோல். ஓர்தோன்யோ தன் படையோடு சரிவில் நின்றார். முறைப்படி சாட்சிக்கு ஒரு மடத்துத் தலைவர் வர வேண்டும். அன்னை மென்சியா கழுதைமேல் வந்திருந்தார்.

காலையிலிருந்தே ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மெத்தை, தானிய மூட்டை, கோழிக் கூடை. ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கொல்லன் பட்டறை உலைத்துருத்தியையே சுமந்து வந்திருந்தான். “அதை யார் கேட்டார்கள்?” என்று அவன் மனைவி திட்டினாள். கடைசியாகப் பெர்மூதோ வந்தார். முன்யோ அவருக்குப் பின்னால் நின்றான்.

சூவெரோ வாசற்படியில் கோலைத் தட்டினார்.

“உள்ளே உயிர் உண்டா?”

மூன்று முறை கேட்பது வழக்கம். மூன்றாவது முறைக்குச் சொல்லும் பதில் சத்தியத்துக்குச் சமம்.

பெர்மூதோ வாய் திறக்கவில்லை. சரிவில் ஓர்தோன்யோ குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கை, அந்தக் கடிவாளம். தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது.

“உள்ளே உயிர் உண்டா?”

முன்யோ தொண்டையைக் கனைத்தான்.

பெர்மூதோ திரும்பிப் பார்த்தார். வெட்டவெளியில் அதற்குள் மூன்று கல் கூட்டி யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். நாற்காலிக் கிழவர் ஏதோ சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். கொல்லனும் மனைவியும் இன்னும் சண்டையை முடிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக மதிலுக்குள் அவர் கேட்ட சத்தம் அத்தனையும் வெளியே இருந்தது. மூக்கு நுனிகள் குளிரில் சிவந்திருந்தன.

கோட்டைப் பக்கம் திரும்பினார். அங்கே சத்தமே இல்லை.

“உள்ளே உயிர் உண்டா?”

“உண்டு,” என்றார் பெர்மூதோ. “மழைநீர்த் தொட்டியில் பன்னிரண்டு பேர்.”

முன்யோ கண்ணை மூடிக்கொண்டான்.

பெர்மூதோ வாசலில் நின்று, போர்க்களத்துக் குரலில் கூப்பிட்டார்.

“மேலே வாருங்கள்! ஒருவரும் மிச்சம் இருக்கக் கூடாது.”

தலையெல்லாம் வைக்கோலோடு பன்னிரண்டு பேரும் வந்தார்கள். ஒருவனுக்குத் தும்மல் நிற்கவில்லை.

ஓர்தோன்யோ சிரித்தார். “பார்த்தீர்களா, வாயிலாளரே! துரோகம். அரசருக்கு இதை எழுதுங்கள்.”

“எழுதுகிறேன்,” என்றார் சூவெரோ. “முப்பது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். முக்கால்வாசிக் கோட்டைகளில் நிலவறையிலோ களஞ்சியத்திலோ ஆள் இருக்கும். உங்கள் பழைய கோட்டையில் வைக்கோல் போரில் எட்டுப் பேர் இருந்தார்கள், ஓர்தோன்யோ பிரபு. ‘யாரும் இல்லை’ என்று மூன்று முறை சொன்னீர்கள். மூன்றாவது முறையிலாவது ‘உண்டு’ என்று சொன்ன ஆளை இன்றுதான் பார்க்கிறேன். அதையும் எழுதுகிறேன்.”

ஓர்தோன்யோவின் வீரர்களே வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

சூவெரோ உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவு திறந்தது. கிழவர் ஓர்தோன்யோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஓர்தோன்யோ தலையைத் தூக்காமல் கடந்து போனார்.

“வடக்கு மூலையில் மதில் கல் ஒன்று தளர்ந்திருக்கிறது,” என்றார் பெர்மூதோ. “பனிக்கு முன்னால் பூசிவிடுங்கள்.”

ஓர்தோன்யோ நின்றார். வடக்கு மூலையைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

பெர்மூதோ ஆற்றை நோக்கி நடந்தார். விரும்பியவர்கள் கோட்டைக்குத் திரும்பலாம் என்று சூவெரோ சொல்லியிருந்தார். சிலர் திரும்பினார்கள். மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார்கள். கொல்லன் உலைத்துருத்தியோடு முன்னால் போனான்.

“பத்தொன்பது வருடம்,” என்று முணுமுணுத்தபடி வந்தான் முன்யோ. “அரசர் கோபப்பட்டால் உங்கள் தலை போகும். கோபப்படாவிட்டாலும் இன்று ராத்திரி நாம் எங்கே படுப்பது?”

“ஆற்றோரம். இவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு நாளை அரசரிடம் போகிறேன்.”

“தனியாகவா?”

“தனியாகத்தான்.” அவர் குரலில் கலக்கம் இல்லை.

அன்னை மென்சியாவின் கழுதை பக்கத்தில் மெல்ல வந்தது. பெர்மூதோ அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“தாயே, ஒன்று கேட்க வேண்டும்.”

“அதற்கு அடுத்த வருடத்துக் கேள்வியா?”

“அதுதான். அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். சாயங்காலம் நான் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்?”

“எத்தனை நாளுக்கு?”

“ஒரு குளிர்காலம்.”

அன்னை கொஞ்சம் யோசித்தார்.

“உங்களுக்குப் பசிக்குமே,” என்றார். “தினமும் சுவருக்கு மேலே ரொட்டி போட்டிருப்போம்.”