ருசி பாக்காம வெட்டுன முகத்துவாரம்

ஆறு கடல்ல சேர்ற எடத்துல மூடிப்போன ஐஸ் கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. மீனு கொறஞ்சுது, ஐஸ் கேக்க ஆளில்ல, மொதலாளி பூட்டிட்டுப் போயிட்டாரு. பூட்டும் துருப்புடிச்சு விழுந்த பொறவு, எங்கேர்ந்தோ நடந்து வந்த ஒரு சாமியாரு அதுக்குள்ள பாய விரிச்சாரு. சின்ன வயசு. தாடி கூட இன்னும் ஒழுங்கா வளரல. ஊரு அவருக்கு ஐஸ் கம்பெனி சாமின்னு பேரு வச்சுது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு சிஷ்யை. பேரு இந்திராணி. மீன் கூடைக்காரி. சாமிய விட நல்லா மூத்தவ. அதனால அவரு அவள அக்கான்னு கூப்புடுவாரு, அவ அவர சாமின்னு கூப்புடுவா. சிஷ்யைன்னு யாராவது சொன்னா மட்டும் கூடைய எறக்கி வச்சுட்டு சண்டைக்கு நிப்பா.

"நான் யாருக்கும் சிஷ்யை இல்ல. கேள்வி கேக்கப் போறேன். அந்தச் சாமிதான் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்குது."

ஆனா ஒரு நாள் தப்பாம போவா. மீன் வித்துட்டு, கூடையக் கழுவிக் கவுத்துட்டு, நேரா ஐஸ் கம்பெனிதான்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கோடையில கடலு மணலத் தள்ளிக்கிட்டு வந்து முகத்துவாரத்த அடைச்சுரும். மழைக்காலத்துல மேலேர்ந்து செந்தண்ணி வந்து மணலுக்குப் பின்னாடி முட்டும். முட்டுன ஒடனே வெட்டிட மாட்டாங்க. ஒருத்தர் எறங்கி, மணல் ஓரத்துத் தண்ணிய அள்ளி நாக்குல வச்சுப் பாக்கணும். உப்பு போயி ஆத்து ருசி வந்துருச்சுன்னு அவரு தலையாட்டுனாத்தான் மம்பட்டி எறங்கும். வெட்டுன வாய் வழியா ஆறு கடலுக்குள்ள பாயும். அந்த ருசியப் புடிச்சுக்கிட்டு, வெளியில நிக்குற உல்ல மீனு சினையோட எதுத்து ஏறி ஆத்துக்குள்ள போயி முட்டையிடும்.

ஊருக்கே ருசி பாத்த நாக்கு இந்திராணி புருஷன் மாசிலாமணியோடது.

அப்புறம் மேல ஒரு எடத்துல ஆத்த மறிச்சு, புதுசா கால்வாய் வெட்டி, தண்ணிய வேற பக்கம் திருப்பிட்டாங்க. செந்தண்ணி வர்றது நின்னு போச்சு. மாசிலாமணி வருசா வருசம் எறங்கிப் பாத்தாரு. தலையாட்டாமயே கரையேறுனாரு. ஒரு வருசம் எறங்கவே இல்ல. பையத் தூக்கிக்கிட்டு, தண்ணி போன எடத்துக்கே போயிட்டாரு. கால்வாய் ஷட்டருக்குக் காவக்காரனா சேந்துட்டாரு.

போறப்ப ஒரு வார்த்தை சொன்னாரு. "உல்லம் ஏறட்டும் இந்திராணி. அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன்."

அவளும் கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு வருசக்கணக்கா கடலப் பாத்துக்கிட்டு இருக்கா.

அந்தப் புரட்டாசியில ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க ஐஸ் கம்பெனிக்குள்ள ஓடி வந்தா.

"சாமி, வந்துருச்சு!"

"யாருங்கக்கா?"

"உல்லம்! மணலுக்கு அந்தாண்ட கடலே வெள்ளியாப் பொரளுது. எல்லாம் சினை மீனு. வயித்தத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்குது. நீங்க இங்க கண்ண மூடிக்கிட்டு குந்தியிருக்கீங்க."

சாமி கண்ணத் தொறந்தாரு.

"கண்ணத் தொறந்து என்ன ஆவப் போவுது? மணலத் தொறக்கணும்."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"ஊர்த் தலைவரு, அதான் நாட்டாரு, அவருகிட்டக் கேட்டேன். தண்ணி பாக்க ஆளில்ல, பாக்காம வெட்டுறது வழக்கமில்லங்குறாரு. வழக்கமாம் வழக்கம்! ஆத்த மறிச்சவன் எந்த வழக்கத்தப் பாத்தான்? எந்த நாட்டாரு கிட்ட வந்து கேட்டான்?"

சாமி கடல் பக்கம் திரும்பிப் பாத்தாரு.

"வாயத் தொறந்து சொல்லுங்க. வெட்டலாமா, கூடாதா?"

"எதுக்கு வெட்டணும்?"

"இதென்ன கேள்வி? மீனு ஏறத்தான்."

"அதுக்கு மட்டுமா?"

இந்திராணிக்கு மூஞ்சி செவந்துருச்சு. "ஆமா, அந்த ஆளு வரவும்தான். அதுக்கென்ன இப்ப? பொண்டாட்டி புருஷன நெனச்சா ஒங்க சாஸ்திரத்துல குத்தமா?"

"எனக்கு சாஸ்திரம் தெரியாதுக்கா."

சொல்லிட்டு எந்திரிச்சாரு. மூலையில கெடந்த மம்பட்டிய எடுத்துத் தோள்ல போட்டாரு.

இந்திராணி மம்பட்டியத் தொட்டு ஆட்டிப் பாத்தா.

"அதுல காம்பு ஆடுது சாமி. வேற எடுங்க."

மறுநாள் விடிஞ்சதும் மணல் திட்டுல ஆளு கூடிருச்சு. எல்லாம் கூடைக்காரிங்க. ஆம்பளைங்க தள்ளி நின்னு வேடிக்கை பாத்தாங்க. சாமி வெட்டுனாரு, இந்திராணி வெட்டுனா, மத்தவங்க அன்னக்கூடையில மண்ண வாரிக் கொட்டுனாங்க.

செல்லக்கிளின்னு ஒருத்தி. இந்திராணிக்குப் பக்கத்து வீடு. அவளுக்கு வேலைய விட வாய் ஜாஸ்தி.

"ஏண்டி, ஒம் புருஷன வரவழைக்க ஊரே மண்ணு சொமக்கணுமா? ஒரு போன் போட்டா பத்தாது?"

"ஒம் புருஷன் வீட்டோட கெடக்குறான். நீ பேசுவே."

"அப்புடின்னா அவன எடுத்துட்டுப் போ. அவனுக்குப் போடுற சோறாவது எனக்கு மிச்சமாவும்."

"அந்த நாத்தம் புடிச்ச ஆளா? வேணாம்டி. கருவாடு கூடக் கெட்டுப் போயிரும்."

சாமி சிரிப்ப அடக்கிக்கிட்டுக் குனிஞ்சு வெட்டுனாரு.

மணலுக்கு இந்தாண்ட ஒரு காலத்துல ஆறு இருந்த எடம். இப்ப குட்டையாத் தேங்கிக் கெடந்துச்சு. ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாப் பூத்திருந்துச்சு. அலையாத்தி மரமெல்லாம் எலை உதுந்து சாம்பக் கலருல நின்னுச்சு. நண்டு வளையில நண்டில்ல. இந்திராணி எதையும் பாக்கல. மம்பட்டிய மட்டும் பாத்தா.

கடலு ஏறுற நேரமாப் பாத்து கடைசி மண்ணத் தள்ளுனாங்க. தண்ணி மொதல்ல கயிறு மாதிரி வந்துச்சு. அப்புறம் கரைய அறுத்துக்கிட்டு வாய் அகலமாச்சு. பொம்பளைங்க கொலவ போட்டாங்க. வேடிக்கை பாத்த ஆம்பளைங்க கூட கிட்ட வந்துட்டாங்க.

இந்திராணி இடுப்பளவுத் தண்ணியில எறங்கி நின்னா.

"வா," ன்னா. "வா, வா. தொறந்தாச்சு. வா."

வந்துச்சு. நெசமாவே வந்துச்சு. கடல்ல பொரண்டுக்கிட்டு இருந்த கூட்டம் ஒண்ணு வெட்டுன வாய்க்கு நேரா திரும்பிச்சு. தண்ணிக்குக் கீழ வெள்ளி வெள்ளியா மினுங்குறது கரையில இருந்தவங்களுக்கே தெரிஞ்சுது. செல்லக்கிளி வாய் பொளந்து நின்னா.

ஒரு மீனு இந்திராணி முழங்கால்ல வந்து மோதுச்சு. நல்ல பெரிய சினை மீனு. மோதிட்டு அங்கயே நின்னுச்சு. ஏதோ தேடுற மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைஞ்சுது. கையை விட்டா புடிச்சுறலாம். அவ புடிக்கல.

"இன்னும் கொஞ்சந்தான் தாயி. இன்னும் ரெண்டு எட்டு."

மீனு திரும்பிச்சு. அது பின்னாடி வந்த கூட்டமும் திரும்பிச்சு. கடலு பழையபடி வெறும் கடலாச்சு.

பொம்பளைங்க ஒவ்வொருத்தியா கூடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. போறப்ப செல்லக்கிளி மட்டும் தன்னோட காஞ்ச துண்ட இந்திராணி தோள்ல போட்டுட்டுப் போனா. சாயங்காலத்துக்குள்ள அலை மணலக் கொண்டாந்து வெட்டுன வாயப் பாதி தூத்துருச்சு.

இந்திராணி கரையிலயே குந்தியிருந்தா. பக்கத்துல சாமி.

"ஏன் சாமி வரல? வாசலத் தொறந்து விட்டேனே."

சாமி எந்திரிச்சுப் போயி, வெட்டுன வாய்ல மிச்சம் இருந்த தண்ணிய ரெண்டு கையாலயும் அள்ளிக்கிட்டு வந்து நீட்டுனாரு.

"குடிச்சுப் பாருங்க."

உறிஞ்சுனா. துப்புனா. "கடலு."

"அதுங்க எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

அவளுக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதும் கோவம் பொங்கிக்கிட்டு வந்துச்சு.

"இது தெரிஞ்சுக்கிட்டுத்தான் காலையிலேர்ந்து எங்கூட வெட்டுனீங்களா? எனக்குப் பாடம் நடத்துனீங்களா? எம் முழங்கால்ல வந்து முட்டிட்டுப் போச்சு சாமி! இதவிட வெட்டாமயே இருந்திருக்கலாம்."

"தெரிஞ்சு வெட்டலக்கா."

"பின்ன?"

"ஏறிடும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு."

அவ திரும்பி அவர மொத மொதலாப் பாக்குற மாதிரி பாத்தா. சாமி உள்ளங்கையில மம்பட்டிக் காம்பு உரிச்ச கொப்புளம். அதுல உப்புத் தண்ணி பட்டு எரியும். அவரு அத மூடிக்கிட்டாரு.

அப்பத்தான் கூடைக்குள்ள போன் அடிச்சுது. மாசிலாமணி. எப்பவும் இந்த நேரத்துக்குத்தான் கூப்புடுவாரு. எடுத்த ஒடனே கேக்குறதும் எப்பவும் ஒண்ணுதான்.

"ஏறுச்சா?"

இந்திராணி போனக் கையால பொத்திக்கிட்டா.

"சாமி, ஏறிடுச்சுன்னு சொல்லிறட்டுமா? வந்துருவாரு."

"வருவாரா?"

"சொன்ன சொல்லு தவற மாட்டாரு. அடுத்த பஸ்ஸுதான்."

"வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவாரு?"

அது அவளுக்குத் தெரியும். பையக் கீழ வைக்காமயே தண்ணியில எறங்குவாரு. அள்ளி நாக்குல வைப்பாரு. அப்புறம் நிமிந்து அவ மூஞ்சியப் பாப்பாரு.

கையை எடுத்தா.

"ஏறல."

அந்தப் பக்கம் கால்வாய்த் தண்ணி எரையுற சத்தம் கேட்டுச்சு.

"வெட்டுனோம். வாய் வரைக்கும் வந்துச்சு. பாத்துட்டுப் போயிருச்சு."

"தண்ணி பாக்காமயா வெட்டுனீங்க?"

"பாக்குற நாக்குதான் ஷட்டருக்குக் காவலு போயிருச்சே!"

"கத்தாதடி. இங்க கரை தளும்பி நிக்குது. பாக்கப் பாக்க எனக்கு மட்டும் என்ன, நல்லாவா இருக்கு? கேட்டா, கடல்ல கலந்து வீணாப் போற தண்ணியத்தான திருப்பியிருக்கோம்னு சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் காவக்காரன். நான் என்னத்தச் சொல்ல?"

"வீணா? எதுய்யா வீணு? அலையாத்தி தழைச்சு நின்னுச்சே, அது வீணா? அதுக்கடியில எறா குஞ்சு பொறிச்சுதே, அது வீணா? ஊத்து தோண்டுனா நல்ல தண்ணி வந்துச்சே. இப்ப ஊர்ல கொழந்தைக்குக் கஞ்சி வைக்கக்கூட லாரி வரணும். ஆறு வண்டல் கொண்டாந்து போடலன்னு கடலு நம்ம தெருவத் தின்னுக்கிட்டு வருது, அது தெரியுமா ஒனக்கு? நாம ரெண்டு பேரும் இங்க இருந்தமே, அதுவும் வீணா?"

போன அவதான் வச்சா. வச்சுட்டு முந்தானையால மூஞ்சியத் தொடச்சா. உப்புத் தண்ணிதான், காலையில தெறிச்சது, வேற ஒண்ணுமில்லன்னு சாமிக்குச் சொல்ற மாதிரி ரெண்டு தடவ அழுத்தித் தொடச்சா.

"காலையில மொத பஸ்ஸுல போறேன் சாமி."

"அவருகூடயே இருந்துடப் போறீங்களா?"

"எவ இருப்பா? போயிட்டு வருவேன். இந்த வாய்லேர்ந்து ஒரு கேன் தண்ணி புடிச்சுட்டுப் போறேன். அந்த ஷட்டரு மேலயே ஒக்கார வச்சு, அந்த ஆளு நாக்குல ஊத்துறேன். ருசி மறந்துருந்தா ஞாபகம் வரட்டும்."

"ஊத்திட்டு?"

"கேக்குறேன்."

"அவர மட்டுமா?"

"அவருக்கு மேல இருக்குறவன, அவனுக்கும் மேல இருக்குறவன. சாவி எவங்கிட்ட இருக்கோ அவன் வரைக்கும் போயி கேக்குறேன். அந்தாளையும் இழுத்துக்கிட்டுத்தான் போவேன். எறங்கிப் பாத்த நாக்காச்சே, வந்து சொல்லட்டும்."

"என்னன்னு கேப்பீங்க?"

இந்திராணி வாயத் தொறந்தா. வசவு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையா நின்னுச்சு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா. ஒண்ணும் பத்தல. அவ்வளவு பெரிய வாய்க்காரி, கேக்க வேண்டியத எப்புடிக் கேக்குறதுன்னு தெரியாம மணல்ல கைய ஊணிக்கிட்டு ஒக்காந்திருந்தா.

வெயிலு எறங்கிருச்சு. மணல் திட்டுக்கு அந்தாண்ட கடலு மேல லேசா சுருக்கம் விழுந்துச்சு. ஒரு மினுக்கு. அப்புறம் இன்னொண்ணு. காலையில திரும்பிப் போன கூட்டம் அங்கதான் மறுபடியும் பொரண்டுக்கிட்டு இருந்துச்சு.

சாமி அதக் கை காட்டுனாரு.

"ஆத்து ருசியத் தேடி வந்து அதுங்க என்ன கேக்குதோ, அதையே கேளுங்கக்கா."