ராஜா முகம் பதிந்த நெத்திலி

மூளையை அடகு வைத்துவிட்டு, அதற்கும் வட்டி பாக்கி வைத்து ஆண்ட ராஜாங்கம் ஒன்று இருந்தது. பெருமிதபுரம் என்று பெயர். ஒரு மலையில் கேட்கிற எதிரொலி யாருக்குச் சொந்தம் என்று பக்கத்து நாட்டோடு ஏழு வருஷம் சண்டை போட்டார்கள். கஜானா காலி. கடன் கழுத்துவரை ஏறிவிட்டது. எதிரொலி மட்டும் எப்போதும்போல இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தீவுக்காரர்கள் கட்டட்டும்!" என்றார் ராஜா. கடலுக்கு அப்பால் நண்டுத்தீவு என்று அவருக்கு ஒரு சொத்து உண்டு. அங்கிருந்தவர்கள் ராஜாவையும் பார்த்ததில்லை, அந்த மலையையும் பார்த்ததில்லை.

தீவுக்குள் வரும் எதற்கும், தீவைவிட்டுப் போகும் எதற்கும் முத்திரை குத்தி, முத்திரைக்கு ஒரு வெள்ளிக்காசு வாங்க வேண்டும். இதுதான் உத்தரவு. இதைச் செய்ய மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் மகரபூஷணம், அவருக்குத் தலையாட்ட ஆவுடைநாயகம், இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்ட நெடுமால்.

வந்தவர்கள் கரை இறங்கவில்லை. படகிலேயே நின்றார்கள்.

கரையில் செம்பாயி காத்திருந்தாள். ஒற்றைக் கூடையோடு தொழிலுக்கு வந்து, ஏச்சும் பேச்சும் வாங்கி, பேரம் பேசிப் பேசியே நாற்பது கூடைக்கு உயர்ந்தவள். நாற்பதும் நெத்திலிக் கருவாடு. மூன்று நாளில் மழை இறங்கும். அதற்குள் கப்பல் ஏறாவிட்டால் அத்தனையும் புழுத்துப்போகும். அவள் மறுபடி ஒற்றைக் கூடைக்காரி.

"இறங்குங்க ஐயா! வந்து குத்தித் தொலைங்க!"

"முத்திரை இல்லாம நாங்க எப்படிம்மா தீவுக்குள்ள வர முடியும்?" என்றார் மகரபூஷணம்.

"கையிலதானே வச்சிருக்கீங்க? ஒருத்தர் நெத்தியில ஒருத்தர் குத்திக்குங்க!"

குத்திக்கொண்டார்கள். அப்புறமும் நகரவில்லை. முத்திரைக்குக் காசு? ஏழு வருஷமாகச் சம்பளம் வராத மனிதர்கள். செம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வெள்ளிக்காசைப் படகில் விட்டெறிந்தாள். வரி வாங்க வந்தவனுக்கு வரி கட்டி ஊருக்குள் அழைத்த முதல் ஆள் உலகத்திலேயே அவள்தான்.

"கூடைக்கு ஒண்ணு குத்துங்க, நாற்பது காசு தர்றேன்."

"உத்தரவுல கூடைன்னு இல்லை. எதற்கும்னு இருக்கு," என்றார் மகரபூஷணம். "ஒவ்வொரு மீனுக்கும் குத்தணும்."

"தலையிலயா, வாலிலயா?" என்று கேட்டார் ஆவுடைநாயகம். அதற்கே ஒரு பகல் போனது.

முத்திரை அப்பளம் அகலம். நடுவில் ராஜாவின் முகம். நெத்திலியோ சுண்டுவிரல் நீளம். ஓங்கிக் குத்தியதில் ஒரு மீனுக்கு ராஜாவின் மூக்கு கிடைத்தது, ஒன்றுக்கு மீசை, ஒன்றுக்குக் காது.

நெடுமால் நடுங்கிப்போனார். "ஐயா, இந்த மீன் ராஜா மூக்கை அறுத்திருக்கு!"

"ராஜத்துரோகம்!" என்றார் மகரபூஷணம். "கைது பண்ணுங்க!"

நாற்பது கூடையையும் ஒரு குடிசையில் தள்ளிப் பூட்டினார்கள். மறுநாள் விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஒவ்வொரு நெத்திலியாகக் கேட்டார்கள். எதுவும் வாயைத் திறக்கவில்லை.

"அழுத்தமான ஆளுங்க," என்றார் ஆவுடைநாயகம்.

மூன்றாம் நாள் வானம் கறுத்தது. செம்பாயி கிளம்பினாள். நேராகப் போய் மகரபூஷணத்தின் முன்னால் நின்றாள்.

"ஓய்! எதுக்குய்யா நாங்க வரி கட்டணும்?"

"உங்களைக் காப்பாத்தப் போர் நடத்தினோமே!"

"எங்களை யாரு அடிக்க வந்தா?"

"யாரும் வரலை. பாத்தியா, அவ்வளவு நல்லாக் காப்பாத்தியிருக்கோம்!"

சுற்றி நின்ற கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு, இந்தக் கூத்துக்கா காசு கேட்கிறான் என்று உறைத்ததும் கொதித்துக் கிளம்பியது. பூட்டு உடைந்தது. கூடைகள் கைமாறிக் கைமாறிக் கப்பல் ஏறின. முத்திரை கடலுக்குள் பறந்தது. இனி ராஜாவும் கிடையாது, வரியும் கிடையாது என்று தீவே கூவியது. பாய் விரிந்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. செம்பாயி மூச்சு விட்டாள்.

'கைதிகள் கப்பலில் தப்பிவிட்டார்கள், மக்கள் கலகம் செய்கிறார்கள்' என்று மகரபூஷணம் ஓலை அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் சந்தையில் செம்பாயியிடம் போனார்கள்.

"அம்மா, உங்களை அடக்க ராஜா படை அனுப்பப்போறார். படைச் செலவுக்குக் காசில்லையாம். ஆயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்தா உடனே வந்து அடிச்சிடுவாங்க. ஊர்ல பசையுள்ள ஆள் நீதானே!" என்றார் மகரபூஷணம்.

செம்பாயி இடுப்பில் கை வைத்தாள். "சரக்கைப் பார்க்காம நான் என்னைக்குய்யா காசு கொடுத்திருக்கேன்? மாதிரி காட்டு."

மூன்று பேரும் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள். வியாபாரி கேட்பது நியாயம்தான் என்று முடிவானது. மகரபூஷணம் தடியை எடுத்து ஆவுடைநாயகத்தின் முதுகில் ஒன்று வைத்தார். ஆவுடைநாயகம் நெடுமாலை வெளுத்தார்.

செம்பாயி உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்கு ஆயிரமா? நூறு கூடப் பெறாது."

"ஐயா, பேரம் படியுற மாதிரி இருக்கு!" என்று முதுகைத் தடவிக்கொண்டே கத்தினார் நெடுமால். "இன்னும் ஓங்கிப் போடுங்க!"