ஏரி கொத்தாகக் குமிழி விடுவது

அந்தக் காலத்தில், சேறும் தண்ணீரும் அக்கா தம்பியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏரியின் அடியில் காற்றுப் பிள்ளைகள் பிறந்தன. இலை மட்கும், அதிலிருந்து கடுகளவாய் ஒன்று பிறக்கும். பிறந்ததுமே, மேலே இருக்கிற பெருங்காற்றிடம் போகணும் என்று அடம்பிடிக்கும். மண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே சந்துகள் திறந்தே கிடந்தன. சேறும் சரி என்று விட்டுவிடும்.

"போன பிள்ளைங்க சௌக்கியமா?" என்று ஒருநாள் சேறு கேட்டது.

தண்ணீர் தயங்கியது. "ஒண்ணுகூடப் போய்ச் சேரலை அக்கா. இத்தனூண்டு உடம்பு. பாதி வழியில எனக்குள்ளயே கரைஞ்சுடுதுங்க. நான் வேணும்னு செய்யலை."

"என் சந்து ஒவ்வொண்ணுலயும் நீயே போய் நில்லு. ஒருத்தரையும் தனியா விடாதே" என்றது சேறு.

தண்ணீர் சந்து சந்தாக நுழைந்து, இருபுறத்து மண்ணையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. அடுத்துப் பிறந்த பிள்ளை வந்து முட்டியது.

"வழிவிடு மாமா."

"பெரியவளாகி வா."

"அடைச்சு வெச்சா எப்படிப் பெரியவளாவேன்?"

"பக்கத்துல ஒருத்தன் பிறந்திருக்கான் பார். சேர்த்துக்கோ."

"அவனா? அழுகின முட்டை நாத்தம் அடிக்கிறான்."

"நீ மட்டும் மணக்கிறியாக்கும்."

முனகிக்கொண்டே சேர்ந்தாள். இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். சேற்றின் வயிறு உப்பி வலித்தது. ஆனாலும் விட மனசில்லை.

"அக்கா, கை நழுவுது. இனி என்னால பிடிக்க முடியாது."

"இவங்களும் கரைஞ்சுட்டா?"

"இத்தனை பேரை நான் எங்கே கரைக்கிறது? விடு அக்கா."

சேறு கண்ணை மூடிக்கொண்டு, தன் உடம்பைத் தானே கிழித்து வழி விட்டது. பிள்ளைகள் ஒரே ஓட்டமாக ஓடினார்கள். மேலே தண்ணீர்ப் பரப்பு கொப்பளித்து உடைந்தது. பெருங்காற்று அவர்களை அள்ளிக்கொண்டது.

"சேர்ந்துட்டாங்க அக்கா" என்றது தண்ணீர். கிழிந்த இடம் மெல்ல மூடிக்கொண்டது.

ஆனால், ஓட்டத்தின் வாலில் வந்த ஒரு பொடிசைத் தண்ணீர் குறுகலான சந்தில் மறுபடி புகுந்து மற்றவர்களிடமிருந்து பிரித்துவிட்டிருந்தது. அது விசும்பியது.

"எல்லாரும் போயிட்டாங்கம்மா."

"இரு கண்ணு. அடுத்தவங்க பிறக்கட்டும். அதுவரைக்கும் எனக்குத் துணையா இரேன்" என்றது சேறு.

அன்றிலிருந்துதான் ஏரி வெகுநேரம் சும்மா கிடந்துவிட்டு, திடீரென்று ஓரிடத்தில் கொத்தாகக் குமிழி விடுகிறது. எத்தனை பேரை வழியனுப்பினாலும், ஒரு பொடிசையாவது சேறு தன் மடியில் வைத்துக்கொள்கிறது.