நசுங்காத பழம்

வெள்ளிங்கிரி அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தபோது அது பழமாகவே இல்லை. காய்ந்து கறுத்து, கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒன்பது மாதம் வேட்டி மடிப்பில் கிடந்தால் எதுவும் அப்படித்தான் ஆகும்.

"என்னப்பா இது?" என்றார் ஒண்டிமுத்துப் பூசாரி.

"ஒண்ணு கேக்கோணும் சாமி."

"கேளு."

பூசாரி அவசரப்படுத்தவில்லை. தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மலையடிவாரத்தில் கூரையில்லாத கருப்பணார் கோயில் அது. கோயிலைத் தாண்டினால் பதினாலு கொண்டை ஊசி வளைவு. கீழே மூன்று ஊரில் யார் புது வண்டி எடுத்தாலும் முதலில் இங்கே வந்து நிறுத்துவார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்துச் சூடம் காட்டியதும், வண்டி நகர்ந்து நாலையும் நசுக்க வேண்டும். அப்புறம் மலைமேல் ஒரு நடை போய் வர வேண்டும். வளைவுக்கு ஒரு ஹாரன். காற்று இந்தப் பக்கம் வீசினால் அடிவாரத்தில் இருப்பவனுக்குப் பதினாலும் கேட்கும். இறங்கி வரும்போது கோயிலில் நின்று திருநீறு வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெள்ளிங்கிரியும் அப்படி நிறுத்தியவன்தான். இருபத்திரண்டு வருசம் லாரி ஓட்டியவன், ஒரு நாள் சூடம் கொளுத்த இறங்கினான், திரும்ப ஏறவில்லை. லாரியைக் கிளீனர்தான் ஓட்டிக்கொண்டு போனான். ஏன் இறங்கினாய் என்று பூசாரி கேட்கவில்லை. வீடென்று திரும்பிப் போக ஒன்று இருந்தால் இறங்கியிருக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஏழு வருசமாக அவரிடம் இருக்கிறான். இப்போது வயது ஐம்பது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை செலவானால் அதிகம்.

"போன கார்த்திகையில ஒரு செவப்பு வண்டி வந்துச்சுங்க," என்று ஒருவழியாக ஆரம்பித்தான். "நீங்க அன்னைக்கு ஒரு எழவுக்குப் போயிருந்தீங்க. நாந்தான் பூசை பண்ணுனேன்."

"நூல் மில்லு பெரியண்ணன் பையன்."

"ஆமாங்க. தர்னீஷ்."

பதினெட்டு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது அந்தப் பையனுக்கு. வண்டி தரையோடு தரையாக இருந்தது. அடியில் கை நுழைய இடமில்லை. அப்பன் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட வந்த சிநேகிதர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அண்ணா, இது நாலு செகண்ட்ல நூறு புடிக்கும், தெரியுங்களா?"

"என்ற லாரி நூறைப் பாத்ததே இல்லீங்க தம்பி. அதுக்கு ஒரு இறக்கமும் ரெண்டு சாமியும் வேணும்."

பையன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. "நீங்க டிரைவராண்ணா? சொல்லவே இல்ல! மேல போயிட்டு வந்து உங்களையொரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். முன்சீட்டு உங்களுக்குத்தான். ரெடியா இருங்க."

வெள்ளிங்கிரி சூடம் காட்டினான். பையன் வண்டியைக் கிளப்பினான். கிராவல் மண் பீய்ச்சியடித்தது. முன்சக்கரத்துப் பழங்கள் நசுங்கின. பின்சக்கரத்தில் ஒன்று நசுங்கியது. இன்னொன்று தோல் உரசிப் பின்னால் பறந்து, நட்டிருந்த வேலில் பட்டு விழுந்தது. சிநேகிதர்கள் விசிலடித்தார்கள். வெள்ளிங்கிரி மட்டும் அது விழுந்த இடத்தைப் பார்த்தான்.

கூட்டம் கலைந்ததும் பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். முகம் கழுவினான். இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, ரோட்டோரம் வந்து நின்றான். எட்டு ஹாரன் கேட்டது.

ஒன்பதாவது கேட்கவில்லை.

"கருமாதி முடிஞ்சு பெரியண்ணன் இங்க வந்தாருங்க," என்றான். "செருப்பைக்கூடக் கழட்டல. 'பூசையில ஏதாச்சும் கொறையாப்பா'ன்னு கேட்டாரு. 'ஒரு கொறையுமில்லீங்க'ன்னு சொல்லிட்டேன்."

பூசாரி காய்ந்த பழத்தை விரலால் ஒரு தடவை உருட்டிவிட்டார்.

"இப்பச் சொல்லுங்க சாமி. இந்தப் பழம் நசுங்கியிருந்தா அந்தப் பையன் பொழச்சிருப்பானா?"

பூசாரி எழுந்தார். கூடையிலிருந்து புதுப் பழம் ஒன்றை எடுத்தார். கோயிலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய டெம்போ வேப்பமரத்தடியில் நின்றது. அதன் பின்சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்தார்.

"வண்டிய எடு."

வெள்ளிங்கிரி ஏறி எடுத்தான். டெம்போ முனகிக்கொண்டு ஒரு அடி நகர்ந்தது. பழம் சளக்கென்று நசுங்கியது.

பூசாரி இன்னொரு பழம் வைத்தார். "இப்பப் பறக்க வுடு."

"இதுல பறக்காதுங்க."

"ஏன்?"

"பறக்கோணும்னா சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தோணும் சாமி. அதுக்கு வண்டியில அத்தனை தெம்பு வேணும். காலும் ஒரே அமுக்கா அமுக்கோணும். பழகுன காலு அப்படி அமுக்காதுங்க. வண்டி என்ன பண்ணும்னு தெரியாத காலுதான்..."

நிறுத்திக்கொண்டான்.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

வெள்ளிங்கிரி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். வேப்பமரத்தில் ஒரு காக்கை இடம் மாறி உட்கார்ந்தது.

"அன்னைக்கேதானுங்க. பழம் பறந்தப்பவே."

"பையங்கிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

ஸ்டீயரிங்கில் படிந்திருந்த புழுதியைக் கட்டைவிரலால் துடைத்தான். பதில் தெரியாமல் இல்லை. அதை வாயால் சொன்னால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்றும் தெரிந்திருந்தது.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னானுங்க," என்றான். "என்னைய யாரும் எங்கயும் வான்னு கூப்பிட்டு வருசக்கணக்காச்சு சாமி. எதையாச்சும் சொல்லி, பையன் மூஞ்சி சுண்டிப் போச்சுன்னா..."

பூசாரி காய்ந்த பழத்தை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"மடியிலயே வெச்சுக்க."

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு வண்டிச் சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. வயிற்றுக்குள் கேட்கும் உறுமல். சாம்பல் நிறத்தில் ஒரு கார் வந்து கோயில் முன்னால் நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண்பிள்ளை. பக்கத்திலிருந்து இறங்கியவர் போர்வெல் வண்டி வைத்திருக்கும் அர்த்தநாரி. மூன்று ஊரிலும் தெரிந்த முகம்.

"கும்புடறனுங்க பூசாரி! பாப்பாவுக்கு காலேஜ்ல சீட் கெடைச்சா வண்டின்னு வாக்குக் குடுத்துட்டேன். கெடைச்சுருச்சு, என்ன பண்ண! சம்ருதா, எறங்கிக் கும்புட்டுக்க கண்ணு."

பூசாரி தட்டையும் பழக்கூடையையும் எடுத்து வெள்ளிங்கிரியிடம் நீட்டினார். "நீயே பாரு." மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிங்கிரி பழம் வைத்தான். சூடம் காட்டினான். பிள்ளைக்குத் திருநீறு கொடுத்தான். அது கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, நெற்றியில் இட்டும் இடாமலும் வைத்துக்கொண்டு உள்ளே ஏறியது.

கார் உறுமியது. மண் பறந்து வெள்ளிங்கிரியின் முழங்காலில் சுரீரென்று அடித்தது. பின்சக்கரத்துப் பழம் இரண்டும் பறந்து புதருக்குள் விழுந்தன.

"அப்படிப் போடு!" அர்த்தநாரி கை தட்டினார்.

பிரேக் போட்டு நின்ற காருக்கு முன்னால் வெள்ளிங்கிரி தட்டோடு போய் நின்றான்.

"அதான் ஆச்சல்லோ? வழி வுடப்பா," என்றார் அர்த்தநாரி.

"பூசை முடியலீங்க."

"சூடம் காட்டியாச்சு, துண்ணூறு வெச்சாச்சு. இன்னும் என்ன?"

"பழம் நசுங்கலீங்க."

"முன்னால ரெண்டு நசுங்கிக் கெடக்குதே."

"நாலும் நசுங்கோணுங்க. வண்டிய ரிவர்ஸ் எடுங்க பாப்பா."

மறுபடி வைத்தான். மறுபடி பறந்தது. மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியது.

"அங்கிள், வேணும்னா நானே எறங்கிவந்து மிதிச்சு நசுக்கட்டா?"

"வண்டியிலதான் பாப்பா நசுக்கோணும்."

"இது மாட்டு வண்டி இல்ல அங்கிள். ஐநூறு குதிரை."

"ஒரு பழத்துக்கு எத்தனை குதிரை வேணும் பாப்பா?"

ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியது. நாலாவதும் பறந்தது. அர்த்தநாரியின் முகம் மாறத் தொடங்கியது. சின்ன விஷயத்துக்கு நின்று பழக்கமில்லாத ஆள்.

"ஏனுங்க பூசாரி! உங்க ஆளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? நல்ல நேரம் போகுது!"

மரத்தடியிலிருந்து பூசாரி சொன்னார்: "கூடையில இன்னும் பழம் இருக்குதுங்க."

வெள்ளிங்கிரி ஜன்னலைத் தட்டினான். இறங்கிய கண்ணாடிக்குள் குனிந்து, அப்பனுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"பாப்பா, உங்க காலுக்கு இந்த வண்டிய இன்னும் தெரியல. மிதிக்காதீங்க. அந்தச் செருப்பைக் கழட்டிட்டு, பெருவெரலை மட்டும் வெச்சுப் பாருங்க."

"நீங்க யாரு எனக்கு டிரைவிங் சொல்லித்தர?"

"யாருமில்லீங்க பாப்பா."

அந்தப் பிள்ளையின் கண்ணில் நீர் கோத்திருந்தது. கோபத்தில் வருகிற நீர். உலகத்திலேயே சந்தோசமான நாளை ஒரு அழுக்கு வேட்டிக்காரன் வந்து கெடுத்துவிட்டான். அது வெள்ளிங்கிரிக்கும் தெரிந்தது. நகர்ந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஏழாவது தடவை ஒரு பக்கம் நசுங்கியது. எட்டாவது தடவை இரண்டும் பறந்தன. ஒன்பதாவது தடவை செருப்புகள் பின்சீட்டில் போய் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் வேறு சத்தமே இல்லை. நிழல் நகர்வதுபோல அந்தக் கார் நகர்ந்தது. இந்தப் பக்கம் ஒரு சளக். அந்தப் பக்கம் ஒரு சளக்.

வெள்ளிங்கிரி விலகி நின்றான்.

"வளைவுக்கு வளைவு ஹாரன் அடிங்க பாப்பா."

அர்த்தநாரி தட்டில் எதுவும் போடாமல் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கார் மேலே போயிற்று.

வெள்ளிங்கிரி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டான். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே நேரம் பிடித்தது. எட்டாவது கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். ஒரு லாரி கடந்து போய், அதன் இரைச்சல் அடங்குகிற வரைக்கும் மலைப் பக்கமே காதைக் கொடுத்திருந்தான்.

ஒன்பதாவது ஹாரன் கேட்டது.

அதற்கப்புறம் காற்று திரும்பிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அந்தக் கார் இறங்கி வந்தது. சின்ன கியரில், தன் பக்கத்தை விடாமல், மெல்ல. வெள்ளிங்கிரி திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வந்தான். இறங்குகிற வண்டி நிற்பதுதானே வழக்கம்.

நிற்கவில்லை. அர்த்தநாரி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்திருந்த அந்தப் பிள்ளை, ரோட்டோரம் ஒரு ஆள் தட்டோடு நிற்பதையே காணாததுபோலத் தாண்டிப் போயிற்று. புழுதி அடங்கியபோது பின்விளக்குகூடத் தெரியவில்லை.

வெள்ளிங்கிரி தட்டை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து மரத்தடியில் குருவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அந்தப் புள்ள என்னையத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க சாமி."

பூசாரி காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு காய்ந்த இலை விழுந்தது.

"ரோட்டப் பாத்துச்சா?" என்றார்.