நடுக்களத்துக்கு யாரைப் பிடிப்பது?

ஆற்றங்கரைக் காட்டில் நீலன் என்ற மீன்கொத்தி வாழ்ந்து வந்தது. மீன் பிடிப்பதில் அது கெட்டி. பேச்சில் அதைவிடக் கெட்டி. பந்தாட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "நீலண்ணன் என்ன சொல்றாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் காட்டில் பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. கோடையில் ஆறு வற்றிவிடும். நாவல் மரத்தடியில் இருக்கும் ஆழமான மடுவில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். அந்த மடு யாருக்கு என்று ஒரு காலத்தில் இரண்டு கரை மிருகங்களும் கடித்துக் குதறிக்கொண்டன. பிறகு அலுத்துப்போய், ஆண்டுக்கு ஒரு பந்தாட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று பேசி முடித்தன. ஜெயித்த கரைக்குக் கோடை முழுக்க மடு. தோற்ற கரை தண்ணீருக்காக மலையடிவாரம் வரை நடக்க வேண்டும். நீலனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கோடையில் மீன் இருப்பது அந்த மடுவில் மட்டும்தான்.

சில ஆண்டுகளாகக் கீழ்க்கரைதான் ஜெயித்து வந்தது. நீலனின் கரை அதுதான். முயல் கோல் போட்டால் கரையே எழுந்து ஆடும். கரடி கோலைத் தடுத்தால் கிளைகள் அதிரும். நடுக்களத்தில் ஆடிய கட்டையன் என்ற காட்டுப்பன்றி என்ன செய்தது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியாது. சேற்றில் புரண்ட மேனியோடு அங்கேயும் இங்கேயும் ஓடும், அவ்வளவுதான்.

அதற்குச் 'சேத்துமூட்டை' என்று பட்டப்பெயர் வைத்தது நீலன்தான். ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த சந்தோஷத்தில் நீலன் அதையே ஒவ்வோர் ஆட்டத்திலும் சொன்னது. கட்டையனும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொள்ளும். அதற்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு காகம் ஒரு சேதியோடு பறந்து வந்தது.

"கேட்டீங்களா! எதிர்க்கரைக்காரங்க புதுசா செந்நாய்களைச் சேர்த்திருக்காங்க! காத்து மாதிரி ஓடுதுங்க! நம்ம சேத்துமூட்டையை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

அவ்வளவுதான். பட்டுப்போன இலுப்பை மரத்தடியில் ரசிகர் கூட்டம் கூடிவிட்டது.

"மேட்டுக்காட்டு அணியிலேருந்து புள்ளிமானைக் கூட்டிட்டு வருவோம்!" என்றது காகம். "என்ன வேகம்! என்ன அழகு! அது ஒரு துள்ளு துள்ளினா, பாக்கறவங்க சோறு தண்ணி மறந்துடுவாங்க!"

"மானா? எதிராளி ஒரு முறை முறைச்சா புதருக்குள்ள பூந்துக்கும்!" என்றது அணில். "அதே அணியில குரங்கு ஒண்ணு இருக்கு. பந்தை வாலாலேயே சுத்தும்! அதுதான் ஆட்டக்காரன்!"

"வாலால சுத்தி என்ன பண்றது? திருவிழாவா நடத்தப்போறோம்?"

"மான் மட்டும் என்ன, கண்ணுக்கு மை தீட்டிக்கிட்டு நிக்கத்தானே லாயக்கு?"

விடிந்ததும் தொடங்கினால் இருட்டும் வரை இதே பேச்சு. மான் கட்சி குரங்கு கட்சியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. கூடு பங்கிட்டு வாழ்ந்த இரண்டு மைனாக்கள் கூட ஆளுக்கொரு கிளைக்குப் போய்விட்டன. கட்டையனே இருந்தால் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை ஒரு கேள்வியாகவே அவர்கள் நினைக்கவில்லை.

கடைசியில் அணித் தலைவரான காட்டெருமை தலையிட்டார். மடுவுக்குப் போட்டியில்லாத மேட்டுக்காட்டுக்காரர்கள் ஆள் தருவார்கள். ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. அதனால் அவர் யோசித்துத்தான் பேசினார்.

"இப்படிக் கத்திக்கிட்டே இருந்தா ஆட்ட நாளே வந்துடும். நீலா, நீ போய் ரெண்டு பேரையும் பாத்துட்டு வா. நீ சொல்றதுதான் முடிவு."

நீலனுக்குப் பெருமை தாங்கவில்லை. கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் பறந்தது.

அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நீலன் ஒரு கிளையில் உட்கார்ந்து, மீனைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தது. தண்ணீரில் ஆயிரம் அலை அடித்தாலும், மீன்கொத்தி குறி வைத்த மீனை விட்டுக் கண்ணை எடுக்காது. அந்தப் பழக்கத்தில், பந்து எங்கே போனாலும் கவலைப்படாமல் மானை மட்டுமே பார்த்தது.

பந்து வந்தபோது மான் துள்ளியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சரிதான், காகம் சொன்னது பொய்யில்லை என்று நீலன் நினைத்துக்கொண்டது. ஆனால் பந்து போன பிறகும் நீலனின் கண் மானை விட்டுப் போகவில்லை. மான் நின்ற இடத்திலேயே நின்று விலாவை நக்கிக்கொண்டது. எதிரணி பந்தோடு பக்கத்திலேயே ஓடியபோது, அது யார் வீட்டு விஷயமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த முறை பந்து வந்தபோது மறுபடி துள்ளியது. கூட்டம் மறுபடி ஆர்ப்பரித்தது.

பிறகு நீலன் குரங்கைப் பார்த்தது. குரங்கு பந்தை வாலில் சுற்றியது, தலையில் வைத்தது, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டது. யாருக்கும் பந்தைக் கொடுக்க மட்டும் அதற்கு மனம் வரவில்லை.

நீலன் யோசித்துக்கொண்டே திரும்பிப் பறந்தது. கீழ்க்கரைக்கு வந்தபோது மாலை வெயிலில் அதன் அணி பயிற்சி ஆடிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க ஒன்றையே பார்த்துப் பழகிய கண். அது தானாகவே நடுக்களத்தில் இருந்த கட்டையன் மேல் போய் நின்றது.

பார்க்கப் பார்க்க நீலனுக்கு என்னவோ செய்தது.

பந்து வருவதற்கு முன்பே கட்டையன் அங்கே போய் நின்றது. வந்த பந்தைத் தடுத்தது, பக்கத்தில் இருந்தவருக்குத் தட்டிவிட்டது, உடனே அடுத்த இடத்துக்கு ஓடியது. முயலைத் துரத்தி வந்தவரின் வழியை மறித்தது. கரடிக்கு முன்னால் யாரும் இல்லாத இடத்தில் போய்த் தானே நின்றுகொண்டது. முயல் கோல் போட்டது. எல்லோரும் முயலைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தப் பந்தை, பயிற்சிக்காகச் செந்நாய் வேடமிட்ட நரியிடமிருந்து பறித்து முயலுக்குக் கொடுத்தது கட்டையன்தான். அதைப் பார்த்தது நீலன் மட்டும்தான்.

'இத்தனை வருஷம் நான் பந்தை மட்டும்தானே பார்த்தேன்!' என்று நினைத்தபோது நீலனுக்கு வெட்கமாக இருந்தது. 'நாளைக்கே சொல்லிவிட வேண்டும். யாரும் வேண்டாம், நம் கட்டையனே போதும் என்று சொல்லிவிட வேண்டும்.'

மறுநாள் இலுப்பை மரத்தடியில் எறும்பு நுழைய இடமில்லை. நீலன் வந்து உட்கார்ந்ததும் ஒரே ஆரவாரம்.

"நீலண்ணே! மானா, குரங்கா?"

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே! நெஞ்சு படபடங்குது!"

நீலன் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நான் ரெண்டு பேரையும் பார்த்தேன். அதுக்கப்புறம் நம்ம கட்டையனையும் பார்த்தேன். என்னைக் கேட்டா, நம்ம கட்டையனே..."

அது முடிப்பதற்குள் காகம் சிரித்துவிட்டது.

"சேத்துமூட்டையா! அண்ணன் ஆரம்பிச்சுட்டாருடா!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நீலன் வழக்கம்போலக் கேலி பேசுகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அணில் சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து விழப் பார்த்தது. நீலன் வாயைத் திறந்தபடி இருந்தது. 'நான் கேலி பேசவில்லை' என்று சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும்? இத்தனை வருஷம் கட்டையனுக்கு அந்தப் பெயரை வைத்துச் சிரிக்க வைத்தவன், இன்று அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறான் என்பார்கள். அந்தச் சிரிப்பு நீலன் பக்கம் திரும்பும். பந்தாட்டத்தைப் பற்றி இனி அதனிடம் யார் கேட்பார்கள்?

நீலனும் சிரித்தது. மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தது.

"மான்தான்! நல்ல வேகம்!" என்று சொல்லிவிட்டது.

மான் கட்சி குதித்தது. குரங்கு கட்சி முணுமுணுத்தது. காட்டெருமைத் தலைவர் சரி என்று தலையை ஆட்டி, மேட்டுக்காட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அன்று மாலை நீலன் மடுவின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. கட்டையன் மெல்ல வந்து கீழே நின்றது.

"நீலண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அந்த மான் நெஜமாவே என்னைவிட நல்லா ஆடுதா? நம்ம கரைக்கு அதுதான் நல்லதுன்னா எனக்கு வருத்தமில்லை. ஆனா நான் எங்க தப்பு பண்றேன்னு எனக்குத் தெரியலண்ணே. நீங்க நல்லாப் பாக்கறவரு. அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

கேட்டது கட்டையன் மட்டும்தான். சுற்றிலும் சிரிக்க ஒருவரும் இல்லை. அப்போதாவது நீலன் சொல்லியிருக்கலாம். ஆனால் இவனிடம் உண்மையைச் சொன்னால், அங்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே! நீலன் தண்ணீரைப் பார்த்தபடியே பதில் சொன்னது.

"அது... கொஞ்சம் வேகம் அதிகம், அவ்வளவுதான். நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றது கட்டையன். மறுநாள் மானுக்கு மாற்றாக அது மேட்டுக்காட்டுக்குப் புறப்பட்டுப் போனது. வழியனுப்ப யாரும் வரவில்லை. எல்லோரும் மானை வரவேற்க ஆற்று வழிக்குப் போயிருந்தார்கள்.

ஆட்ட நாள் வந்தது. ஆட்டம் முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் முயலும் செந்நாயும் ஒரே மைதானத்தில் நின்றன.

முதல் பந்து மானிடம் வந்தது. அது ஒரு துள்ளுத் துள்ளி மூன்று பேரைத் தாண்டியது. கீழ்க்கரை கூத்தாடியது. "சொன்னேன் பார்த்தியா!" என்று காகம் அணிலின் முதுகில் ஓங்கித் தட்டியது.

அதன் பிறகு பந்து செந்நாய்களிடம் போனது. மான் நின்று விலாவை நக்கிக்கொண்டது. நடுக்களம் திறந்துவிட்ட தோட்டம்போலக் கிடந்தது. செந்நாய்கள் பேசிக்கொண்டே அதன் வழியாக ஓடி வந்தன. கரடிக்கு முன்னால் மறிக்க யாருமில்லை. முதல் கோல் விழுந்தது. முயல் பந்துக்காகக் காத்துக் காத்து நின்றது. அதற்குப் பந்து கொடுக்கவும் யாருமில்லை. இரண்டாவது கோலும் விழுந்தது.

நீலன் தன் கிளையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எந்த இடத்தில் கட்டையன் நின்றிருக்கும், எந்த நேரத்தில் குறுக்கே பாய்ந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் அதற்குத் தெரிந்தது. அந்த இடம் ஒவ்வொரு முறையும் காலியாகவே இருந்தது.

ஆட்டம் முடிந்தது. எதிர்க்கரை மிருகங்கள் ஆரவாரத்தோடு மடுவில் இறங்கின. கீழ்க்கரை மிருகங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இலுப்பை மரத்தடிக்கு வந்தன.  அணில்தான் முதலில் ஆரம்பித்தது.

"எல்லாம் அந்தக் கரடியாலதான்! ரெண்டு கோலையும் பாத்துக்கிட்டே விட்டுடுச்சு!"

"ஆமா! கோல் காக்க வேற ஆளைப் பிடிக்கணும்!" என்றது காகம். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே பேசி வச்சுக்கணும். நீலண்ணே, யாரைக் கூட்டிட்டு வரலாம்? நீங்களே சொல்லுங்க!"

எல்லாத் தலைகளும் நீலனின் பக்கம் திரும்பின. ஓரத்தில் கரடி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அன்று மடுவோரத்தில் வந்து நின்ற கட்டையனின் நினைவு வந்தது. நீலனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கரடி மேல ஒரு தப்பும் இல்ல" என்றது அது. "கட்டையன் இருந்திருந்தா அந்த ரெண்டு பந்தும் கரடிகிட்ட வந்தே இருக்காது. இத்தனை வருஷம் நம்மளை ஜெயிக்க வச்சதே கட்டையன்தான். நான் பார்த்தேன். மானைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கே பார்த்தேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நீலனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காட்டெருமைத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா? பின்ன ஏன்ப்பா சொல்லல?"

"நீங்கள்லாம் சிரிச்சீங்க..." என்றது நீலன்.

காகம் கத்தவில்லை, மெல்லச் சொன்னது. அது அப்படி மெல்லப் பேசி அந்தக் காடு கேட்டதே இல்லை. 

"நாங்க சிரிச்சது நெஜந்தான் நீலா. எங்களுக்குக் கண்ணு பத்தல, அதனாலதான் உன்னை அனுப்பினோம்."

அது 'அண்ணே' என்று சொல்லவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து மலையடிவாரத்துப் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். கரடி மட்டும் போகும்போது நீலனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. நீலன் பசியோடு மடுவின் பக்கம் பார்த்தது. நாவல் மரத்துக் கிளையில் எதிர்க்கரை மீன்கொத்தி ஒன்று அதற்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

தெரியாமல் தவறாகப் பேசுகிறவர்களைவிட, தெரிந்தும் கேலிக்கு அஞ்சி வாய் மூடிக்கொள்கிறவரே தம் கூட்டத்துக்குப் பெரிய கேடு செய்கிறார்.