மிதக்காத கரி

தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக்கூடம். ஜெபமணி அங்கே கோமதியிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியையைவிட மாணவருக்கு வயது அதிகம். துறைமுக வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர்.

வீணாகும் நிலக்கரித் தூளை நுரையில் மிதக்கவைத்து மண்ணிலிருந்து பிரிப்பது அவர்கள் ஆராய்ச்சி. கரித் துகளுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டு டீசல் பட்டால் காற்றுக் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். மண் அடியில் தங்கும்.

அன்று வெறும் வெள்ளை நுரைதான் பொங்கியது. ஜெபமணி மேலும் டீசல் விட்டார்.

"கரிக்கு ஊத்துறீங்களா, கப்பலுக்கு ஊத்துறீங்களா அண்ணாச்சி?" என்றார் கோமதி.

"ஒட்ட மாட்டேங்குதே மேடம்."

"எங்க எடுத்தது?"

"கிடங்குக்கு வெளியே. ரொம்ப நாளாக் கிடக்கிற குவியல்."

டீசல் புட்டியை மறுபடி எடுத்த ஜெபமணி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு எப்சிபா வாரா மேடம். எம் மக. அவ அம்மா தவறினதும் எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டேன். அப்புறம் வேலை வேலைன்னு இருந்துட்டேன். வளையல், செல்போன், ஸ்கூட்டர், எல்லாம் கேக்காமலே வாங்கி அனுப்பிட்டேன். போன் பண்ணினா 'சரிங்க'ங்கா. அப்பான்னு சொல்ல மாட்டா. பேச்சு முடிஞ்சாலும் எனக்கு போனை வைக்க மனசு வராது. நாளைக்கு அவளுக்கு என்ன வாங்கி வைக்கட்டும்?"

கோமதி அதே குவியலின் கரியை எடுத்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கூழ் பதத்தில் வேகமாகக் கலக்கினார். துகள்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. கலங்கிய நீரைக் கொட்டினார். புதுத் தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு சொட்டு டீசல் விட்டு, காற்றுக் குழாயைத் திறந்தார்.

நுரை கறுத்து எழுந்தது.

ஜெபமணி குனிந்து பார்த்தார். "அதே கரியா?"

"அதேதான். வெயில்லயும் மழையிலயும் கிடந்ததுல மேல்பக்கம் மாறிப்போச்சு. அதுக்கு மேல எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பிடிக்காது."

"அந்த மேல்தோல் உரியத்தான் உரசவிட்டீங்க."

"ஆமா."

ஜெபமணி டீசல் புட்டியை மூடி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்கன்னு அவ கேட்டுட்டான்னா?"

"கேக்கட்டும் அண்ணாச்சி. கேட்டு முடிக்கிற வரைக்கும் கடைக்குப் போயிராதீங்க."