தவசி வாங்கிய சத்தியம்

சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டால் இந்தப் புதிரே தப்பாகிவிடும். அந்தப் பயத்தோடுதான் தொடங்குகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டிலில் தவசி இருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். எச்.ஐ.வி.யால் உடம்பில் எதிர்ப்பு குறைந்து, மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சைக் கிருமி புகுந்துவிட்டது. தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறியிருந்தது. முதுகில் ஊசி குத்தி நீரை எடுக்க அவரே சம்மதித்தார்.

"முதுகுல குத்துனா கால் போயிடும்னாங்க. போனது தலைவலிதான்! இட்லி வாங்கிட்டு வா சங்கரி," என்று பிறகு மனைவியிடம் சிரித்தார்.

சில நாளில் வலி திரும்பியது, வாந்தியும் வந்தது. சங்கரி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். தவசியின் அக்கா பேச்சியம்மாள் மட்டும் தலைமாட்டில் நின்றாள். அவளை உற்றுப் பார்த்தார்.

"இனிமே என் முதுகுல ஊசி படக் கூடாது. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க."

அக்கா அழுதுகொண்டே அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் தவசி உளறத் தொடங்கினார். சங்கரியையே யாரென்று கேட்டார். ரத்தத்தில் சர்க்கரையோ உப்போ குறைந்தாலும் இப்படி ஆகுமாம். பார்த்தார்கள், இரண்டும் சரியாகவே இருந்தன.

"மறுபடியும் அழுத்தம்தான். நீரை எடுக்கலைன்னா உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டர்.

அக்கா கட்டிலை மறித்துக்கொண்டாள். "என் தம்பி வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். நேத்து வந்தவ நீ, உனக்கென்ன தெரியும்?"

"உங்க சத்தியத்த நீங்களே வச்சுக்கங்க மதினி. எனக்கு அவுக வேணும்," என்று சங்கரி சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

இந்த இருவரில் தவசியின் விருப்பப்படி நடந்தவர் யார்?

சங்கரிதான். அவர் பிழைத்ததை வைத்துச் சொல்லவில்லை. சத்தியம் கேட்டபோது எதிரில் நின்றது அக்கா ஒருத்தி. அவர் கண்ணுக்கு இரண்டு பேர். பார்வையை இரட்டையாக்கிய அழுத்தம் அப்போதே புத்தியையும் கலைக்கத் தொடங்கியிருந்தது என்றார் டாக்டர். தெளிவோடு தவசி சொன்னது அந்த முதல் சம்மதம்தான். நீர் எடுத்தபின் நினைவு திரும்பியது. அதற்குள் போய்விட்ட பார்வை திரும்பவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. அன்றே மகளை வரச்சொல்லி, அவர் முன்னாலும் அவள் முன்னாலும் சொன்னேன்: "நாளைக்கு நான் தலைவலியில ஊசி வேணாம்னு கத்தினா, கேக்காதீங்க. இப்பச் சொல்றதுதான் என் பேச்சு."